பெண்கள் பக்கம்

அரியலூரும் பெரம்பலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடகிழக்கு மூலையில் வெறும் தாலுகா ஊர்களாக இருந்த காலத்தில், சென்னையில் வெளியான படம் ஒன்று எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்கு வந்து சேர ஒரு வருஷமேனும் ஆகும். அப்படி வரும்போதும் அதன் சுருள் வழியிலுள்ள ஊர்களின் கீறல்களையெல்லாம் ஏந்திக்கொண்டு, ஆங்காங்கே ஒட்டுப் போடப்பட்டு, பாட்டுகளில் ஓரிரு அடிகளை இழந்து, கதாநாயகன் வாசற்படியில் கால் வைப்பதற்கு முன்பே கூடத்தில் நிற்கும்படியான விசித்திரங்களோடுதான் வரும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. கித்தானும் கீற்றும் வேய்ந்த டூரிங் டாக்கீஸில், ஒரே ஒரு புரொஜக்டரை வைத்துக்கொண்டு, சுருளுக்குச் சுருள் விளக்கைப் போட்டு, அந்த இடைவெளிகளில் முறுக்கும் சோடாவும் விற்று, நள்ளிரவுக்கு மேல் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பிய அந்த ஸ்தாபனத்தைக் குறித்து அநேகர் எழுதிவிட்டார்கள். மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்த பையனைப் பின்னாலிருந்தவர் அதட்டிய கதையை நானும் ஒருமுறை சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அந்தக் கொட்டகையின் நடுவே, இடுப்பளவு உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த மண்சுவரைப் பற்றி.

சுவருக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மீசை அரும்பாத பையன்களுக்கு இரு பக்கமும் பிரவேசம் உண்டாகையால், ஒரே படத்தை ஒரு நாள் பெரியப்பாவோடும் மறுநாள் பெரியம்மாவோடும் பார்க்கிற பாக்கியம் எனக்குப் பல தடவை வாய்த்தது. அவ்விதம் பார்த்ததில் இரண்டும் ஒரே படந்தானா என்கிற சந்தேகமும் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டாயிற்று. நாயகன் ஒருத்தியைத் தேவதை என்றும் தெய்வம் என்றும் புகழ்ந்து பாடும்போது ஆண்கள் பக்கம் சீட்டி பறக்கும். அதே பாட்டுக்குப் பெண்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பால் புகட்டுவார்கள், வெற்றிலை மடிப்பார்கள், நாயகியின் இரவிக்கைத் தையலைப் பற்றி விசாரணை நடத்துவார்கள். புகழ்ச்சியில் அவர்களுக்கு அவ்வளவு சிரத்தை இருந்ததில்லை. ஆனால் அதே நாயகன், “இனிமேல் நீ அங்கே போகக்கூடாது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் முழுவதும் வெற்றிலையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கும்.

1965ஆம் வருஷத்துப் படமான ‘கலங்கரை விளக்கம்’ பெரம்பலூருக்கு மறுவருஷக் கோடை விடுமுறையில் வந்தது. கே. சங்கர் இயக்கி, எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த அந்தப் படத்தில், மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கிடையே ஒரு பெண் தன்னைப் பழங்காலத்துச் சிவகாமியாகப் பாவித்துக்கொண்டு சித்தம் கலங்கித் திரிகிறாள், நண்பனைக் காண அவ்வூருக்கு வருகிற நாயகன் அவள்மீது காதல் கொள்கிறான், அவள் மாண்டுபோகிறாள், பிற்பாடு அதே முகத்தோடு மல்லிகா என்னும் வேறொருத்தி அவன் கண்ணில் படுகிறாள். சிவகாமியோ, 1944 முதல் 1946 வரை கல்கி தம் பத்திரிகையில் எழுதிய ‘சிவகாமியின் சபத’த்துக்காகச் சிருஷ்டித்த பெண். அந்த நாவலில் ஆயனச் சிற்பியார் தம் சொந்த மகளை ஆடச் சொல்லி, ஆட்டத்தின் நடுவே அப்படியே நிற்கச் சொல்லி, அந்த நிலைகளைக் கல்லில் வடிக்கிறார். ஆக, தகப்பன் கல்லில் நிறுத்திய ஒரு கற்பனைப் பெண்ணைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு ஒருத்தி அலைய, அந்த ஒருத்தியை நாயகன் காதலிக்க, அவள் போனபின் அவள் சாயலை மூன்றாமவள் முகத்தில் அவன் காண, பிரதிமைக்குள் பிரதிமையாக அடுக்கிக்கொண்டு போகிற கதை அது. மணலில் உட்கார்ந்திருந்த எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. கடலோரத்து விளக்கின் உச்சியைக் கண்ட பயந்தான் நின்றது. எனக்கு அருகில் இருந்த கிழவி ஒருத்தி மாத்திரம், மல்லிகாவை நாயகன் வைத்த கண் வாங்காமல் பார்க்கிற கட்டத்தில், “செத்தவ மூஞ்சி இருக்குதுன்னா அதுக்கு இவ என்ன பண்ணுவா, பாவம்” என்று சொன்னது காதில் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் என் அக்காவின் புருஷர் உட்கார்ந்திருந்தார். அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்லள். பெரியப்பாவின் மூத்த மகள், அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமா ஒரு நிலக்கடலை மண்டியில் கணக்கு எழுதினார். நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தார் என்று யாரும் சொன்னது கிடையாது. சம்பளத்தை வாங்கியதும் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் என்று தெருவே அவரை உதாரணம் காட்டும். அந்தப் படத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். கொட்டகை வேறு ஊருக்குப் பெயர்ந்து போவதற்குள், சரோஜாதேவி ஒரு காட்சியில் உடுத்தி வந்த புடவை தம் மனைவிக்கும் வேண்டும் என்று தீர்மானித்து, திருச்சி பெரிய கடைவீதிக்குப் பஸ் ஏறினார்.

இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. படம் கறுப்பு வெள்ளை. திரையில் அந்தப் புடவை சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. அதன் மெய்யான வர்ணம் ஸ்டுடியோவில் நின்றவர்களுக்கே வெளிச்சம். கடைக்காரர் பச்சையை எடுத்துப் போட்டிருக்கிறார், நீலத்தை எடுத்துப் போட்டிருக்கிறார், இதுதான் சார் அது, சத்தியம், என்றும் சொல்லியிருக்கிறார். மாமா எதற்கும் இணங்காமல், திரையில் கண்டபடியே சாம்பலில் ஒரு புடவை வாங்கி வந்தார். புதுப்பெண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் புடவையா என்று மாமியார் முகத்தைச் சுளித்தாள். அக்கா அதை உடுத்திக்கொண்டு, சவுரி வைத்துத் தூக்கிக் கொண்டை போட்டு, கண்ணுக்கு வால் விட்டு மை தீட்டி, கூடத்தில் வந்து நின்றாள். மாமா நாற்காலியில் சாய்ந்து பார்த்துவிட்டு, “கொண்டை இன்னும் ரெண்டு விரக்கடை ஏறணும்” என்றார். உள்ளே போய் ஏற்றிக்கொண்டு வந்தாள். “பொட்டு சின்னதா இருக்கணும்” என்றார். உள்ளே போய்ச் சின்னதாக்கிக்கொண்டு வந்தாள். சரோஜாதேவியைப் போலக் கொஞ்சலாகத் தம்மைக் கூப்பிட வேண்டுமென்று அவர் கேட்டபோது மாத்திரம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடிப்போனாள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

பிற்பாடு அது வாடிக்கையாயிற்று. அவளுக்கு என்ன நிறம் எடுக்கும் என்பதை அவர் அறிவார். அவள் எந்தப் பண்டிகைக்கு எதை உடுத்த வேண்டும் என்பதையும், அரியலூருக்குப் போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதையும், யாரிடம் எவ்வளவு நேரம் பேசினால் அவள் முகத்தின் லக்ஷணம் கெடாமலிருக்கும் என்பதையும் அவரே அறிவார். வெயிலில் நின்றால் கறுத்துப்போவாள் என்று கிணற்றடிக்கு அனுப்ப மாட்டார். ஊர்ப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். உன்னைப் பூப்போல வைத்திருக்கிறாரே என்று அவளிடமே சொன்னார்கள். ஆராதனையும் காவலும் ஒரே கையால் நடந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டு என்று கேட்டால் அவராலும் முடிந்திராது.

அக்காவுக்குக் கிட்டப்பார்வை. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும். தெருக்கோடியில் வருகிறவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. பெரம்பலூரில் நடந்த ஒரு கண் முகாமில் பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மாமா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “உனக்கு எதுக்குக் கண்ணாடி?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்த முகத்தில் ஒரு கண்ணாடியா என்கிற மெய்யான வேதனையோடு கேட்டார். அப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருந்த நான் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, அவர் சட்டைப் பையிலிருந்து எப்படியோ மீட்கப்பட்டிருந்த அந்தச் சீட்டை அக்கா என்னிடம் கொடுத்து, முந்தானை முடிச்சிலிருந்து காசும் அவிழ்த்துக் கொடுத்தாள். தடித்த கறுப்பு விளிம்பு போட்ட கண்ணாடி. அந்நாளில் மலிவாகக் கிடைத்தது அதுதான். அதை அவள் போட்டுக்கொள்ள வாய்த்த இடங்கள் இரண்டு.

ஒன்று சிறுவாச்சூர். பெரம்பலூரிலிருந்து திருச்சி சாலையில் சில மைல் தெற்கே இருக்கிற மதுரகாளியம்மன் கோயில், வாரத்தில் திங்களும் வெள்ளியும் மாத்திரமே நடை திறக்கும். மற்ற எந்த இடத்துக்கும் காரணம் கேட்கும் மாமா, குலதெய்வத்துக்குக் காரணம் கேட்கத் துணியவில்லை. திங்கட்கிழமைகளில் மண்டியில் வேலை அதிகமாகையால் கூட வரவும் முடியவில்லை. அக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வாள். சிறுவாச்சூர் வரையிலும் வயல்களையும், சோளக்கொல்லைகளையும், மைல்கல்லையும், எதிரே வரும் லாரிகளின் எழுத்துகளையும் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே போவாள். “அம்மன் மூக்குத்தில கல்லு இருக்கறது எனக்கு அதுவரைக்கும் தெரியாதுடா தம்பி” என்று ஒருமுறை சொன்னாள்.

அந்தக் கோயிலின் ஸ்தல புராணத்தை அவள் சொல்லித்தான் கேட்டேன். ஆதியில் அங்கே கோயில் கொண்டிருந்தவள் செல்லியம்மன். அவளை ஒரு மந்திரவாதி தன் மந்திர பலத்தால் வசப்படுத்தி, தன் ஏவலுக்கெல்லாம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தான். மதுரையை எரித்துவிட்டுக் கோபம் தணியாமல் வந்த தேவி ஓரிரவு அங்கே தங்க இடம் கேட்டாள். செல்லி தன் நிலைமையைச் சொல்லி அழுதாள். வந்தவள் அந்த மந்திரவாதியைச் சம்ஹாரம் செய்தாள். செல்லி தன் இடத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். வந்தவள் கண்ணகியே என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. பத்தினி என்று பீடத்தில் ஏற்றிவைத்த ஒருத்தி, கட்டுண்டு கிடந்த இன்னொருத்தியை விடுவித்தாள் என்கிற இந்தக் கதையில், ஒரு சிறு அம்சத்தை நான் பல காலம் யோசித்ததுண்டு. அந்த மந்திரவாதி நாஸ்திகன் அல்லன். நாள் தவறாமல் ஜபித்து, உருவேற்றி, அம்மனை இடைவிடாது தியானித்தே அவளைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தான். அவனைப் போல அவளை உபாசித்தவன் அந்த வட்டாரத்தில் வேறொருவன் இருந்திருக்க மாட்டான்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்ட இரண்டாவது இடம், கொட்டகையின் பெண்கள் பக்கம். இருட்டு, நடுவே சுவர், மாமா அந்தப் புறம். இதைவிடச் சௌகரியமான இடம் உலகத்தில் இல்லை என்பாள். 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வை, மூக்கையனாகிய சிவாஜி சாட்டையை எடுத்ததும் ஆண்கள் பக்கம் கூரை அதிர்ந்ததை, அவள் கண்ணாடி இல்லாத காலத்தில் பார்த்தாள், அதைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயமில்லை. அடங்காத பெண்ணை அடக்குகிற அந்தக் கதை ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்து வருவது. 1963இல் ‘அறிவாளி’யிலும் சிவாஜி பானுமதியை அவ்விதமே அடக்கியிருந்தார். சாட்டை எடுப்பவனை யாருக்கும் அடையாளம் தெரியும். அவனைப் பற்றிப் பேச அதிகமில்லை.

கண்ணாடியோடு அவள் பார்த்த படம் 1977இல் வெளிவந்த பாலசந்தரின் ‘அவர்கள்’. அன்று நான் வளர்ந்துவிட்டபடியால் ஆண்கள் பக்கத்தில், மாமாவின் அருகே இருந்தேன். ஆனால் சுவரோரமாக உட்கார்ந்ததில் அந்தப் பக்கத்துக் குரல்களும் எனக்குக் கேட்டன. சுஜாதா அனுவாகவும், ரஜினிகாந்த் அவளுடைய கணவன் ராமநாதனாகவும் நடித்த படம் அது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒருவனை விரும்பியிருந்தாள் என்பதை ஆயுதமாக வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊசியாக அவளுக்குள் ஏற்றுகிற புருஷன். விவாகரத்துப் பெற்று, கைக்குழந்தையோடு சென்னையில் உத்தியோகத்தில் அமர்ந்த பிறகும், திருந்திவிட்டவனைப் போல வேஷம் போட்டுக்கொண்டு அவள் வாழ்க்கைக்குள் மறுபடி நுழைகிறான். ரஜினிகாந்த் அப்போது நாயகனாகவில்லை. சினிமாவுக்கு வந்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் தலையைச் சிலுப்பிய விதத்துக்கு எங்கள் பக்கம் சீட்டி அடங்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டு உருகி நிற்கிற கட்டத்தில் மாமா உச்சுக்கொட்டி, “மனசு மாறிட்டான் பாரு” என்று என்னிடம் சொன்ன அதே கணத்தில், சுவருக்கு அப்பாலிருந்து யாரோ ஒருத்தி, “நம்பாதடி!” என்று உரக்கச் சொன்னாள். பத்துப் பேர் சிரித்தார்கள். சிரிப்பில் அக்காவின் குரலும் இருந்தது.

அந்தப் படத்தில் கமல்ஹாசன் ஏற்ற ஜனார்த்தனன் என்னும் பாத்திரம் வாய் அசையாமல் பேசுகிற வித்தைக்காரன். தன் மனத்தில் உள்ளதைத் தானே சொல்ல நாக்கு எழாமல், கையிலிருக்கும் பொம்மையைக் கொண்டு சொல்ல வைப்பான். “வந்த ஆம்பளைங்கள்ல அந்தப் பொம்மைதான் யோக்கியம்” என்பது வீடு திரும்பும் வழியில் அக்கா சொன்ன விமரிசனம். பத்திரிகைகளில் அந்தப் படத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு ஈடாக ஒன்றும் எழுதப்படவில்லை என்பது என் துணிபு. முடிவில் அனு எல்லோரையும் விட்டு ரயிலேறிப் போகிறாள். போக்கிரி மகனைப் பெற்ற மாமியார் அவளோடு சேர்ந்துகொள்கிறாள். மாமாவுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஒரு பெண் கைக்குழந்தையோடு எங்கே போய் என்ன செய்வாள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா நெடுநேரம் பேசாமல் நடந்துவிட்டு, “நம்ம ஊருல ரயிலே கிடையாதே” என்றாள்.

உண்மைதான். பெரம்பலூருக்கு இன்றளவும் ரயில் இல்லை. ரயில் இருப்பது அரியலூரில். அந்த ஊர்ப் பெரியவர்களுக்கோ ரயில் என்றாலே 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதும், லால்பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியைத் துறந்ததுந்தான் நினைவுக்கு வரும். என் பெரியம்மா ரயிலில் ஏறாமலே செத்துப்போனாள்.

‘கலங்கரை விளக்க’த்தின் மூலம் ஆல்பிரட் ஹிட்ச்காக் 1958இல் எடுத்த ‘வெர்டிகோ’ என்பதை நான் அறிந்தது சென்னையில் ஆசிரியப் பயிற்சிக்காகத் தங்கியிருந்தபோது. பல ஆண்டுகள் திரையிடப்படாமல் முடங்கியிருந்த அந்தப் படம், ஹிட்ச்காக் காலமான பிறகு 1983–84இல் மறுபடி வெளிவந்தது. அதன் பிறகு, ஒரு திரைப்படச் சங்கத்தார் சிறிய மண்டபம் ஒன்றில் அதைப் போட்டுக் காட்டினார்கள். உயரத்தைக் கண்டு தலை சுற்றும் துப்பறிவாளனாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவன் காதலித்த பெண் மணிக்கூண்டிலிருந்து விழுந்து மடிகிறாள். பிறகு தெருவில் அவள் சாயலில் ஜூடி என்னும் கடைச் சிப்பந்திப் பெண்ணைக் காண்கிறான். இரண்டுமே கிம் நோவாக். தமிழ்ப் படம் தொடாத ஒன்றை ஹிட்ச்காக் அங்கே நிதானமாக, நாம் கூசிப்போகும் அளவுக்கு, எடுத்துக் காட்டுகிறார். அவன் ஜூடியைத் துணிக்கடைக்கு அழைத்துப் போகிறான். செத்தவள் உடுத்தியிருந்த அதே சாம்பல் நிற உடுப்பு வேண்டும் என்கிறான். கடைக்காரி எதை எதையோ எடுத்துக் காட்டுகிறாள்; அவனுக்குத் தான் கண்டதுதான் வேண்டும். பிறகு தலைமயிரின் வர்ணம். பிறகு கொண்டையின் முடிச்சு. ஜூடி அழுகிறாள், என்னை என்னாகவே விரும்பக் கூடாதா என்று கெஞ்சுகிறாள், கடைசியில் இணங்குகிறாள். எல்லாம் முடிந்து விளம்பர விளக்கின் பச்சை வெளிச்சத்தில் அவள் அவன் முன்னால் வந்து நிற்கும்போது, சங்கீதம் மேலே மேலே எழும்புகிறது. மண்டபத்தில் என்னைச் சுற்றி இருந்த ரசிகர்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெரம்பலூர் வீட்டுக் கூடமும், நாற்காலியும், இரண்டு விரற்கடையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அதே படத்தில் மிட்ஜ் என்று ஒரு பெண் வருகிறாள். நாயகனை உள்ளூர நேசிக்கிறவள், படம் வரைகிறவள், கண்ணாடி போட்டவள். நாயகன் மயங்கிக் கிடக்கிற பழங்காலத்து ஓவியம் ஒன்றைப் போலவே தானும் ஒன்று தீட்டி, அந்த ஓவியப் பெண்ணின் கழுத்துக்குமேல் தன் முகத்தைக் கண்ணாடி சகிதம் வரைந்து அவனுக்குக் காட்டுகிறாள். வேடிக்கைக்குத்தான். அவனால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, எழுந்து போய்விடுகிறான். கூட வந்திருந்த நண்பர், அந்தக் காட்சி கதைக்கு அநாவசியம் என்றார். அவரோடு நான் தர்க்கம் பண்ணவில்லை; அக்காவைப் பற்றி முதலிலிருந்து சொல்லியாக வேண்டும், கடைசி பஸ்ஸும் போய்விடும்.

மாமாவுக்குக் கண்ணாடி தெரியவந்தது 1989 வாக்கில். அவருக்கே இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, திருச்சியில் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்புகையில், பஸ் நிலையத்தில் இருட்டிவிட்டது. எந்த பஸ் எந்த ஊருக்கு என்று போர்டைப் படிக்க அவரால் இயலவில்லை. வண்டிகள் வந்தவண்ணமும் போனவண்ணமும் இருந்தன. பக்கத்தில் நின்றவரை விசாரிக்க அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அக்கா சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “அதோ, மூணாவது வண்டி, பெரம்பலூரு” என்று சொல்லி அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பஸ் சமயபுரம் தாண்டும் வரையில் மாமா பேசவில்லையாம். பிறகு, “எத்தினி நாளா இருக்கு?” என்று கேட்டாராம். “ ‘அவர்கள்’ பாக்கறதுக்கு முன்னாடியேருந்து” என்றாளாம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தள்ளுபடி எழுத வேண்டிய பழைய பாக்கி என்று அவருடைய கணக்கு மூளை எடுத்துக்கொண்டிருக்கலாம். பிறகு அவர் இருந்த ஏழெட்டு வருஷமும் அக்கா வீட்டிலேயே கண்ணாடியோடு இருந்தாள். அவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் புகைப்படம் எடுக்கையில் மட்டும் கழற்றச் சொல்வார். கழற்றுவாள்.

படங்களும் மாறிக்கொண்டுதான் வந்தன. 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். அதில் நடித்த ஷோபா, படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். மனம் பேதலித்த ஒருவன் தான் விரும்பிய பெண்ணைக் கடத்திப்போய் மலையில் அடைத்துவைத்து, அவளுக்கு முன்னால் கிதார் மீட்டிப் பாடுகிறான். அரியலூரில் நான் ஆசிரியனாக இருந்த நாட்களில், சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கும் டீக்கடைகளில் அந்தப் பாட்டைக் காதல் பாட்டென்றே எல்லோரும் கேட்டார்கள். நானும் இன்றுவரை அப்படியேதான் கேட்கிறேன். ராகத்துக்குள் நுழைந்தபின் அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது யாருக்கும் ஞாபகமிருப்பதில்லை.

1991 நவம்பரில் வந்த ‘குணா’ இன்னும் ஓரடி மேலே போயிற்று. சந்தானபாரதி இயக்கிய அந்தப் படத்தில், குணா என்னும் புத்தி பிசகியவன், பௌர்ணமியன்று தன்னை மணக்க வரப்போகும் அபிராமியென்று ஒரு பெண்ணை நம்பி, அவளைக் கொடைக்கானல் மலைக் குகைக்குத் தூக்கிச் செல்கிறான். திருக்கடையூர் அபிராமி பட்டர் அமாவாசையைப் பௌர்ணமியென்று சரபோஜி மன்னரிடம் சொல்ல, அம்பிகை தன் தாடங்கத்தை வீசி நிலவை வரவழைத்தாள் என்று ஐதிகம் உண்டல்லவா. அந்தப் பக்தியையே எடுத்து ஒரு பித்தனின் காதலுக்குப் பூட்டியிருக்கிறார்கள். கலை என்கிற அளவில் உயர்ந்த முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், பட்டர் அபிராமியைத்தான் அபிராமி என்று அழைத்தார். இவன் வேறொருத்தியை அப்படி அழைக்கிறான். அவனைப் பைத்தியம் என்று கதை ஒப்புக்கொள்கிறது. இளையராஜாவின் சங்கீதமோ அவனை முன்கூட்டியே மன்னித்துவிடுகிறது. அவளும் மெல்ல மெல்ல மன்னித்து, அபிராமியாகவே இருக்கச் சம்மதிக்கிறாள். ஜூடிக்கு நேர்ந்ததேதான், ஜூடிக்காக மண்டபத்தில் இரண்டு பேராவது பரிதவித்தார்கள். குணாவுக்காக மாத்திரமே நாம் அழுதோம்.

2024இல் மலையாளத்திலிருந்து வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அந்தக் குகையையும் ‘குணா’வில் வந்த கடிதப் பாட்டையும் மறுபடி ஊரெல்லாம் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கோடையில் நான் பெரம்பலூருக்குப் போயிருந்தபோது, அக்காவின் பேரன் செல்போனில் அதைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது. கண்ணாடி இப்போது வெள்ளி விளிம்பு. பாட்டை அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கதை என்னவென்று விசாரித்தாள். அவன் உற்சாகமாகச் சொன்னான். தூக்கிக்கொண்டு போனது வரைக்கும் கேட்டவள், “அந்தப் பொண்ணு பேரு என்னா?” என்றாள்.

“அபிராமி, ஆயா.”

“அது அவன் வெச்ச பேருடா. அவ அம்மா அப்பா வெச்ச பேரு?”

பேரன் விழித்தான், என்னைப் பார்த்தான், பிறகு போனில் தேடத் தொடங்கினான். ரோகிணி என்று நான் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்: “ஆளுங்களுக்கு மட்டும் இல்லக்கா, டெவில்ஸ் கிச்சன்னு இருந்த அந்தக் குகைக்கே இப்ப குணா குகைன்னுதான் பேரு.”

“அதானே பாத்தேன்” என்றாள் அக்கா.